வாசகர் கேள்வி பதில்: போர்ஜோமி ஊற்றும் நம் ஊர்க் கிணறும்

வெளிநாட்டுப் பயணம் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். பிள்ளைகளை மருத்துவம் படிக்க ஜார்ஜியாவுக்கு அனுப்பிவிட்டு, அவர்களைப் பார்க்கக் கிளம்பும் செட்டிநாட்டுப் பெற்றோர் பலர் ஒரே ஊரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அது போர்ஜோமி, ஊற்றுநீருக்குப் பெயர்போன மலை ஊர். கடிதங்களைப் படித்துக்கொண்டே போனால் பாதியில் பேச்சு நம் வீட்டுக் கிணற்றுக்குத் திரும்பிவிடுகிறது. அதுவும் நல்லதுதான்.

கேள்வி: மகள் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மே மாதம் நானும் வீட்டுக்காரியும் போகிறோம். "போர்ஜோமிக்குப் போகலாம் அப்பச்சி, கொடைக்கானல் மாதிரி இருக்கும்" என்கிறாள். எப்படிப் போவது, எத்தனை நாள் ஒதுக்கலாம்? (வாசகர், காரைக்குடி)

பதில்: கொடைக்கானல் 2,100 மீட்டர். போர்ஜோமி ஏறக்குறைய 800 மீட்டர்தான், ஏற்காட்டை விடவும் தாழ்வு. ஆனால் நில நடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் வடக்கே இருப்பதால் குளிர் மட்டும் கொடைக்கானலை மிஞ்சும். மே மாதம் பகலில் இதமாக இருக்கும், காலையும் இரவும் ஸ்வெட்டர் வேண்டும். அந்த மாதம் அங்கே மழையும் அடிக்கடி வரும் என்பதால் குடையை விட, தலையை மூடும் மழைக்கோட்டு உதவும். காட்டுப் பாதையில் இரண்டு கையும் சும்மா இருப்பது நல்லது.

திபிலிசியிலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டர். திதுபே பேருந்து நிலையத்திலிருந்து மார்ஷ்ருத்கா என்கிற சிறிய வேன்கள் போகின்றன. ஆள் நிரம்பியதும் கிளம்பும், இரண்டரை மணி நேரம் ஆகும். ரயிலும் உண்டு, ஆனால் அது ஆடி அசைந்து நாலு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பெரிய பெட்டிகளோடு போகிறவர்கள் வேனில் திண்டாட வேண்டாம். பெட்டிகளை மகளின் அறையில் வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் தோள்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இரவு தங்கினால் போதும். முதல் நாள் ஊற்றுப் பூங்காவும், அங்கிருந்து மேட்டுக்குப் போகும் ரோப்காரும். மறுநாள் காலை வெந்நீர்க் குளம், மதியத்துக்கு மேல் ஊர் சுற்றல். போர்ஜோமியிலிருந்து பனிச்சறுக்கு ஊரான பகுரியானிக்கு 37 கிலோமீட்டருக்குக் குறுகிய ரயில் பாதை ஒன்று உண்டு. குகூஷ்கா என்று பெயர். நம் நீலகிரி ரயிலின் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர் என்றால் இதற்கு 900. வண்டி ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டுக்கொண்டு பிறகு திட்டத்தில் சேருங்கள், பழுதுபார்ப்புக்காக நிறுத்திவிடுவதுண்டு.

கேள்வி: ஒரு சின்ன மலை ஊரின் தண்ணீருக்கு இவ்வளவு பேர் எப்படி வந்தது? (வாசகர், கண்டனூர்)

பதில்: ரஷ்யப் பேரரசின் ஆட்சிக் காலத்தில் அந்த ஊற்றுகளை முதலில் கவனித்தவர்கள் படைவீரர்கள். 1841-ல் காக்கசஸ் பகுதியின் ரஷ்ய ஆளுநர் கோலோவின் உடம்பு சுகமில்லாத தன் மகள் எகதெரீனாவை அங்கே கூட்டிவந்தார். அவளுக்குக் குணமானது என்று பேச்சுப் பரவ, ஊற்றுக்கு அவள் பெயரே நிலைத்துவிட்டது. 1890-களில் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். ரஷ்ய அரச குடும்பம் பக்கத்து லிகானியில் அரண்மனை கட்டியது. சோவியத் காலத்தில் தொழிலாளர்களை ஓய்வுக்கு அனுப்பும் விடுதிகள் வந்தன. 2006-ல் ரஷ்யா இந்தத் தண்ணீரின் இறக்குமதியைத் தடைசெய்து, 2013-ல் தான் திரும்ப அனுமதித்தது. ஒரு தண்ணீர் பாட்டிலே இரண்டு நாடுகளின் சண்டையில் ஆயுதமாகிற அளவுக்குப் பெயர்.

கேள்வி: என் மகன் அனுப்பிய வீடியோவில் பூங்காக் குழாயில் பிடித்த தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறான். வெதுவெதுவென்று, உப்பாக, முட்டை வாடையோடு இருக்கிறதாம். பாட்டிலில் பிடித்து அறைக்குக் கொண்டுபோனால் மறுநாள் கலங்கி, அடியில் ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுப்போன தண்ணீரா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: கெட்டுப்போகவில்லை. அந்தத் தண்ணீரின் குணமே அது.

நிலத்தின் ஆழத்திலிருந்து வருவதால் ஊற்றுவாயிலேயே 38 முதல் 41 டிகிரி வரை சூடு இருக்கும், காய்ச்சல்காரரின் உடம்புச் சூடு. வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் பெரும்பாலும் போய்விடும். கடையில் வாங்கும் போர்ஜோமி நுரைத்துப் பொங்குகிறது, குழாயில் வருவது அவ்வளவு பொங்குவதில்லை. சூடான தண்ணீர் நுரை தரும் கரியமில வாயுவைப் பிடித்து வைக்காது, அதுதான் காரணம். சோடாக்கடைக்காரர் ஐஸில் போட்ட பாட்டிலை எடுத்துத் தருவதும் இதற்காகத்தான். பாட்டிலில் அடைக்கும்போது வாயுவைத் திரும்ப ஏற்றித்தான் மூடுகிறார்கள்.

கலங்குவதற்கு வருவோம். ஊற்றுநீரில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு எல்லாம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கின்றன. அவற்றைக் கரைசலில் பிடித்து வைத்திருப்பது அந்தக் கரியமில வாயுதான். வாயு வெளியேறியதும் கால்சியம், கார்பனேட்டாக மாறி வெள்ளைத் தூளாக இறங்கும். இரும்பு காற்றோடு சேர்ந்து துருவின் நிறத்தில் படியும். உங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக ஓடு மாதிரி பெயர்ந்து வருகிறதே, அதே பொருள். அங்கே வாயு தானாகப் போகிறது, இங்கே நீங்கள் கொதிக்க வைத்து விரட்டுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் கண்ணாடிப் பாட்டிலைக் கழுத்து வரை, மேலே காற்றுக்கு இடமே இல்லாமல் நிரப்பி, உடனே இறுக்கி மூடி, குளிர்ச்சியில் வைத்து, அன்றைக்கே குடித்துவிடச் சொல்லுங்கள். பாதி பாட்டில் பிடித்துக் குலுக்கிக்கொண்டே நடந்தால் அறைக்குப் போய்ச் சேர்வது உப்புத் தண்ணீர்தான். அதில் காபி போட வேண்டாம். டிகாஷனின் இளம்புளிப்பைப் பைகார்பனேட் கொன்றுவிடும், சப்பென்றாகும். தேநீர் போட்டால் கறுத்துப்போகும்.

கேள்வி: அப்பச்சிக்கு ரத்தக்கொதிப்பு, பத்து வருடமாக மாத்திரை. தம்பி ஊருக்கு வரும்போது ஆறு பாட்டில் போர்ஜோமி கொண்டுவந்து "தினம் ஒன்று குடிங்க, வயிறு சுத்தமாகும்" என்கிறான். கொடுக்கலாமா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: கொடுக்காதீர்கள். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பாட்டிலின் பின்பக்கம் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். பைகார்பனேட் 3,500 முதல் 5,000, சோடியம் 1,000 முதல் 2,000, குளோரைடு 250 முதல் 500, கால்சியமும் மெக்னீசியமும் தலா 20 முதல் 150. நடுவாக 1,500 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் 750. பெரியவர் ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடுவதில் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு பாட்டிலிலேயே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒரு கிராம் சாப்பாட்டு உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அந்தக் கணக்கில் அரை லிட்டர் போர்ஜோமி என்பது கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு. சோற்றில் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த கதையாகிவிடும்.

ரத்தக்கொதிப்பு, இதயம் பலவீனம், சிறுநீரகக் கோளாறு, கால்வீக்கம் இருப்பவர்களும், வீக்கமுள்ள கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கைக்குழந்தையின் பால்பவுடரை இதில் கலக்கவே கூடாது.

ஆரோக்கியமாக இருப்பவர் ஊருக்குப் போன இடத்தில் ஒரு டம்ளர், 150 முதல் 200 மில்லி, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மெதுவாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது. நெஞ்செரிச்சல் தணிந்த மாதிரி இருக்கும். பைகார்பனேட் வயிற்று அமிலத்தோடு சேர்ந்து வாயுவாகி ஏப்பமாக வருகிறது, அந்த நேரத்துக்கு நிம்மதி. நோய் தீர்ந்ததாக நினைத்துவிடக் கூடாது. மாத்திரை விழுங்கவும் இந்தத் தண்ணீர் வேண்டாம். குடலில் போய்க் கரைய வேண்டும் என்று பூச்சுப் போட்ட மாத்திரைகள் காரத்தில் வயிற்றிலேயே கரைந்துவிடக்கூடும். தாகத்துக்கு வேண்டுமானால் அங்கே கடைகளில் பக்கத்திலேயே உப்புக் குறைந்த சாதாரண ஊற்றுநீர் பாட்டிலும் இருக்கும். விலையும் குறைவு.

கேள்வி: நாங்கள் வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் கேனும் மினரல் வாட்டர்தானே? (வாசகர், புதுவயல்)

பதில்: இல்லை. பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறோமே தவிர, கேனில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்ஓ இயந்திரத்தில் விட்டு உப்பை எடுத்த தண்ணீர். மினரலை நீக்கிய தண்ணீருக்கு மினரல் வாட்டர் என்று பெயர். கேன் தண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணய எண் ஐஎஸ் 14543. உண்மையான இயற்கைக் கனிம நீருக்கு ஐஎஸ் 13428. இரண்டாவது வகை, பூமியிலிருந்து வந்தபடியே, அதன் உப்புகளை மாற்றாமல் அடைத்தது.

கேள்வி: எங்கள் கிணற்றில் டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது. "இது உப்புத் தண்ணீர், குடிக்காதீங்க" என்கிறார்கள். ஆறாயிரம் காட்டும் போர்ஜோமியை மட்டும் காசு கொடுத்துக் குடிக்கிறார்கள். எங்கள் தண்ணீரில் பருப்பும் வேகமாட்டேன் என்கிறது. அப்பத்தா இருந்தவரை ஊருணித் தண்ணீரில்தான் பருப்புப் போடுவார். மீட்டர் பொய் சொல்கிறதா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி. மீட்டர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டுமே ஒழிய, என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சாப்பாட்டு உப்பு 900 இருந்தாலும் அதே எண், சுண்ணாம்பு 900 இருந்தாலும் அதே எண்.

போர்ஜோமியில் ஆறாயிரம் இருந்தாலும் அதில் பெரும்பகுதி சோடியம் பைகார்பனேட், நம் சமையல் சோடாதான். கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம். அதனால் அது உப்பாக இருந்தாலும், தண்ணீருக்குக் கடினத்தன்மை தரும் அந்த இரண்டின் பங்கு அதில் குறைவு. கையைக் கழுவினால் வழவழப்பாக இருக்கும். உங்கள் கிணற்றில் மொத்தம் குறைவாக இருந்தும் கால்சியம், மெக்னீசியத்தின் பங்கு அதிகம் போலிருக்கிறது. பருப்பு அதைத்தான் சொல்கிறது. பருப்பின் செல் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் கைகோத்துக்கொண்டு இறுகிவிடும். நீங்கள் விசில்மேல் விசில் விட்டாலும் தோல் மட்டும் கழன்று, பருப்பு முத்து முத்தாக நிற்கும். அப்பத்தாவிடம் மீட்டர் இல்லை, ஆனால் பருப்பு இருந்தது. ஊருணியில் இருப்பது மழைநீர். குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஓர் ஊருணி என்று பிரித்து வைத்தவர்களுக்குத் தண்ணீரில் ஜாதகம் பார்க்கத் தெரிந்திருந்தது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 100 மில்லி கேன் தண்ணீர், இரண்டாவதில் 100 மில்லி கிணற்று நீர். மூன்றாவதுக்கு, கிணற்று நீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் படிந்ததைக் கிளறாமல் மேலாக 100 மில்லி ஊற்றுங்கள். குளியல் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஒவ்வொரு பாட்டிலிலும் பத்துப் பத்துச் சொட்டாக விட்டு மூடிக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் அடங்காமல் நிற்கும் வரை எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம், கொதிக்க வைத்தால் போகிற கடினத்தன்மை. மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் உள்ள வித்தியாசம், கொதிக்க வைத்தாலும் போகாதது. பலர் இதைத் துணி துவைக்கும் லிக்விடை விட்டுச் செய்துபார்த்துவிட்டு "எல்லாம் நுரைக்கிறது" என்பார்கள். டிடர்ஜென்ட் கடினநீரிலும் நுரைக்கும். உறையில் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்பின் அளவு) என்று போட்ட சோப்புக் கட்டிதான் வேண்டும்.

கொதிக்க வைத்தால் பெரும்பாலும் போகிறது என்றால் வழி சுலபம். முந்தின இரவே காய்ச்சித் தெளியவிட்டு மேல் தண்ணீரில் பருப்புப் போடுங்கள். போகாத வகை என்றால் மழைநீர் அல்லது ஆர்ஓ. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் எந்தத் தண்ணீரிலும் பருப்பு குழையும், போர்ஜோமியில் பருப்புப் போட்டாலும் அப்படித்தான். ஆனால் காரத்தில் பி1 வைட்டமின் அழியும், கூடிப்போனால் சோப்பு வாடை அடிக்கும். புளியையும் உப்பையும் பருப்பு வெந்த பிறகு சேருங்கள்.

குடிக்கலாமா என்பதற்கு மீட்டர் போதாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 படி டிடிஎஸ் 500-க்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு அதே மாதிரி 200, 600. ஆகவே 900 என்பதற்காகக் கிணற்றை மூட வேண்டியதில்லை. ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டையும் ஆய்வகத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அவற்றை நாக்கும் சொல்லாது, மீட்டரும் சொல்லாது.

உங்கள் வீட்டு வளவில் மழை பெய்யும்போது கூரைத் தண்ணீர் விழுகிற இடம் இன்னும் இருக்கிறதல்லவா? பருவத்தின் முதல் இரண்டு மழையைத் தரையில் ஓடவிட்டு, கூரை ஓடும் தூம்பும் கழுவப்பட்ட பிறகு அண்டாவை வையுங்கள். பருப்புக்கும் தேநீருக்கும் அதைவிட நல்ல தண்ணீர் விலைக்குக் கிடைக்காது. குடிக்க மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்ஜோமி வெந்நீர்க் குளத்தில் குளிக்க ஆசை. வெள்ளி கறுத்துவிடும் என்கிறார்களே, மெட்டி, கொலுசு எல்லாம் கழற்ற வேண்டுமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: கழற்றிவிடுங்கள். குளத்து நீரில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாகிக் கறுப்பாகப் படியும். சுத்தத் தங்கம் அசையாது. ஆனால் 22 காரட் நகையில் 8 சதவீதத்துக்கு மேல் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் மங்கலாம். கவரிங் நகை கேட்கவே வேண்டாம். கழற்ற மனம் வராத தாலியை, குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டால் போதும்.

வெள்ளி கறுத்துவிட்டால் திருநீறு போட்டுத் தேய்ப்பது நம் வழக்கம். பளபளக்கும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி கையோடு போகும். இன்னொரு வழி இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தின் உள்ளே அலுமினியத் தாளை விரித்து, நகை அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா தூவி, கொதிக்கக் கொதிக்க ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முட்டை வாடை வரும், கறுப்பு இறங்கும். கந்தகம் வெள்ளியை விட்டு விலகிவிடுகிறது, வெள்ளி நகையிலேயே தங்கிவிடுகிறது. நகை தாளைத் தொடாவிட்டால் ஒன்றும் நடக்காது, பலர் தவறுவது இங்கேதான். முத்து, கல் பதித்தது, வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு ஆகியவற்றுக்கு இது ஆகாது.

குளம் ஊருக்குள் இல்லை. ஊற்றுப் பூங்காவிலிருந்து ஆற்றை ஒட்டிய காட்டுப் பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே. நடக்க நல்ல பாதை. தண்ணீர் வெதுவெதுப்பு, கொதிநீர் அல்ல. பதினைந்து, இருபது நிமிடம் போதும். எழும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழுந்து கரையில் கொஞ்சம் உட்காருங்கள். துண்டும் மாற்று உடையும் கையில் இருக்கட்டும், வெளியே குளிர் அடிக்கும். காலில் புண் இருந்தாலோ, சர்க்கரையால் பாதம் மரத்திருந்தாலோ இறங்க வேண்டாம். முக்கியமாக ஒன்று: நம் ஆற்றுப் பழக்கத்தில் முங்கி எழாதீர்கள். உலகத்தில் எந்த வெந்நீர் ஊற்றானாலும் தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போவது அபூர்வம்தான், ஆனால் போனால் உயிருக்கு ஆபத்து.

கேள்வி: சுத்த சைவம். முட்டையும் ஆகாது. அங்கே பட்டினிதானா? (வாசகி, நாட்டரசன்கோட்டை)

பதில்: பட்டினி இல்லை. லோபியோ என்பது ராஜ்மா ஜாதிப் பயற்றை மண்சட்டியில் குழைய வேகவைத்தது, அதை மக்காச்சோளமாவு அடையோடு தருவார்கள். அதே பயற்றை உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டிக்கு லோபியானி. சில கடைகளில் பன்றிக்கறியும் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். கத்தரிக்காயை நீளமாகச் சீவி வதக்கி, அக்ரூட் விழுதை வைத்துச் சுருட்டியது பத்ரிஜானி, மேலே மாதுளை முத்து. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். கச்சாபுரி என்கிற பாலாடைக்கட்டி ரொட்டியில் படகு வடிவத்தில் வருவதன் நடுவே முட்டையை உடைத்து ஊற்றுவார்கள், வட்டமாக வரும் இமெருலியைக் கேளுங்கள். மாவிலும் முட்டை சேர்ப்பதுண்டு என்பதால் கண்டிப்பாக விலக்குபவர்கள் அதையும் விசாரிக்க வேண்டும்.

பெட்டியில் பருப்புப் பொடி, சீப்புச் சீடை, மாவுருண்டை போதும். ஊறுகாய் மட்டும் எண்ணெய் கசியாமல் இரண்டு உறை போட்டு, செக்-இன் பெட்டியில். கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள்.

கேள்வி: குற்றாலமும் மூலிகைத் தண்ணீர்தானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? (வாசகர், குன்றக்குடி)

பதில்: குற்றாலத்தில் விழுவது மலைமேல் பெய்த மழை, காட்டின் வழியாக ஓடிவருவது. பாறைக்குள் ஊறிக் கிடந்து கரைக்க நேரமில்லாததால் உப்பு மிகக் குறைவு. குளித்தால் வரும் சுகம், தலையிலும் தோளிலும் தண்ணீர் விழும் அடியில் இருக்கிறது. போர்ஜோமி நேர்மாறு, வெகுகாலம் பாறைக்குள் இருந்து கரைத்துக்கொண்டு வருவது.

கேள்வி: வெளிநாடு போக வசதியில்லை. இந்தியாவில் இப்படி மலையும் வெந்நீர் ஊற்றும் சேர்ந்த ஊர் உண்டா? மணிகரணில் ஊற்றிலேயே அரிசி வேகவைக்கிறார்களாமே, நம் கவுனி அரிசி வேகுமா? (வாசகி, ஆத்தங்குடி)

பதில்: உண்டு. இமாசலப் பிரதேசம் குல்லு மாவட்டத்தில், பார்வதி ஆற்றங்கரையில் சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் மணிகரண். டெல்லியிலிருந்து மணாலி போகும் பேருந்தில் புந்தரில் இறங்கி, அங்கிருந்து 35 கிலோமீட்டர். ஏப்ரல் முதல் ஜூன், பிறகு செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் நிலச்சரிவால் சாலை அடைபடும்.

அங்கே குருத்வாராவில் அன்னதானத்துக்கு அரிசியும் பருப்பும் ஊற்றின் சூட்டில் வேகின்றன. யாத்திரிகர்களும் அரிசியைத் துணியில் தளர்வாக முடிந்து ஊற்றில் இறக்குவார்கள். தளர்வாக என்பதை மறக்காதீர்கள். அரிசி மூன்று மடங்காக உப்பும், இறுக்கிக் கட்டினால் வெளிச்சுற்று குழைந்து நடுவில் பச்சையாக நிற்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 94-லேயே கொதித்துவிடுகிறது. 300 மீட்டர் ஏற ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் ஊற்றானாலும் அடுப்பானாலும் அங்கே நம் ஊரைவிட நேரம் பிடிக்கும். பச்சரிசிக்கு இது பெரிதில்லை. கவுனி அரிசிக்கோ மேல்தவிடு கெட்டி, நம் ஊரிலேயே இரவு முழுக்க ஊறவைத்துக் குக்கரில் போடுகிறோம். ஊறவைக்காமல் ஊற்றில் இறக்கினால் துணி ஊதாவாகும், அரிசி வேகாது. ஊற்றைச் சுற்றிக் கம்பி போட்டிருக்கும் இடத்தைத் தாண்டிக் கையை நீட்டாதீர்கள், தோல் வெந்துவிடும். குளிப்பதற்கு, ஆற்றுநீர் கலந்து ஆறவைத்த குளங்கள் தனியாக இருக்கின்றன.

மலை வேண்டாம், வெந்நீர் மட்டும் போதும், எப்போதாவது பக்கத்து நாடு வரை போக வாய்த்தது என்றால் இலங்கையில் திருகோணமலை பக்கம் கன்னியா ஏழு கிணறுகள். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு.

கேள்வி: சோடாக்கடை வைத்திருக்கிறேன். போர்ஜோமி மாதிரி ஒரு தண்ணீரை நாமே தயாரிக்க முடியாதா? (வாசகர், காரைக்குடி)

பதில்: அச்சாக அல்ல, ஆனால் பக்கத்தில் போகலாம். ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் 5 கிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் சுமார் 1.4 கிராம் சோடியமும் 3.6 கிராம் பைகார்பனேட்டும் வரும். போர்ஜோமி லேபிளில் இருக்கும் முக்கியமான இரண்டு எண்களும் இந்த அளவில்தான் இருக்கின்றன. விட்டுப்போவது கொஞ்சம் குளோரைடும் கால்சியமும் மெக்னீசியமும். ஒரு கேஸ் சிலிண்டரும் ஒரு பொட்டலம் சோடாவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன!

வரிசை முக்கியம். முதலில் சோடாவைக் கரைத்து, வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்து, அதன் பிறகு வாயு ஏற்ற வேண்டும். வாயு ஏற்றிய பாட்டிலில் தூளைப் போட்டால் தூள் பட்ட இடமெல்லாம் குமிழி கிளம்பி முக்கால் பாட்டில் தரையில் இருக்கும். அளவைக் கரண்டியை நம்பாதீர்கள். தலைதட்டிய தேக்கரண்டி ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறையும், குவித்தால் கூடிவிடும். சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். போர்ஜோமி என்று பெயர் போட்டு விற்கக் கூடாது, மினரல் வாட்டர் என்றும் கூடாது, சோடாதான். ரத்தக்கொதிப்புக்காரருக்கு மேலே தேவகோட்டை வாசகிக்குச் சொன்னதே இதற்கும். வாடிக்கையாளர் யாராவது இதில் எலுமிச்சை பிழியச் சொன்னால் வழக்கமான சோடா பாட்டிலை உடைத்துக் கொடுங்கள். இதில் பிழிந்தால் பொங்கி வழியும், புளிப்பும் இருக்காது.